பகடை வளர்த்த பெருங்கதை

கதை கேட்டலில் விருப்பமில்லாதார் உலகத்தில் அரியர். பாட்டியின் மடியிற் கிடந்து கேட்ட கதையும், திருவிழாக் காலத்தில் விடியுமளவும் விழித்திருந்து கண்ட கூத்தும் நம் உள்ளத்தை விட்டு நீங்குவன அல்ல. கதையை ஆக்குவோன் ஒருவன், கேட்போர் பலர் என்பதே பெரும்பாலும் வழங்கிவந்த முறை. ஆயின், ஆக்குவோர் பலராயும், அவருள் ஒருவரேனும் முடிவை அறியாதவராயும், நடுவே பகடையொன்று உருண்டு அனைவர் எண்ணத்தையும் மாற்றுவதாயும் அமைந்த கதைவகையொன்று இக்காலத்தே தோன்றியுள்ளது. அவ்வகையுட் பெரும்புகழ் பெற்ற 'கிரிட்டிகல் ரோல்' என்னும் அமெரிக்க நிகழ்ச்சியின் கதையமைப்பிற் காணப்படுங் குறைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு வித்தாயது ஒரு சிறு நிகழ்ச்சி. விடுதியில் எம்முடன் உறைந்த நண்பர் சிலரும் யாமும் இந்நிகழ்ச்சியைப் பல இரவுகள் ஒருங்கிருந்து கண்டதுண்டு. இரண்டாங் கதையிற் கூத்தாடியொருவன் மாண்டபோது எம்முள் ஒருவர் வாய்விட்டழுதார். மூன்றாங் கதையில் விண்ணகத் தெய்வங்கள் அனைத்தும் அழியுங் காலம் நெருங்கியபோது, அதே நண்பர் உறங்கிவிட்டார். மறுநாட் காலை அவர் எம்மை நோக்கி, "ஒரு கூத்தாடிக்கு அழுத நெஞ்சு, உலகமே அழியுமென்றபோது ஏன் அசையவில்லை?" என்று வினவினார். அவ்வினாவுக்கு அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. இன்று கூற முயல்கின்றோம்.

ஆட்டத்தின் இயல்பு

இந்நிகழ்ச்சியை அறியாதார் பொருட்டு இதன் இயல்பைச் சுருக்கிக் கூறுதும். 'டஞ்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது 1974 ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட ஆட்டம். இதில் ஒருவர் தலைவராய் அமர்ந்து நாடு, நகர், பகைவர், வழிப்போக்கர் அனைத்தையும் சொல்லாற் படைத்துக் காட்டுவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்று, அப்பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் தாமே கூறுவர். எண்ணிய செயல் கைகூடுமா என்பதை இருபது முகமுடைய பகடை உருட்டித் துணிவர். ஆகவே தலைவருக்கும் தம் கதை செல்லும் வழி முற்றத் தெரியாது.

2012 ஆம் ஆண்டில் லியாம் ஓ'பிரையன் என்பாரின் பிறந்தநாளை முன்னிட்டு, குரல் நடிப்பைத் தொழிலாகக் கொண்ட நண்பர் சிலர் ஒரு வீட்டிற் கூடி இவ்வாட்டத்தை ஆடினர். மாத்யூ மெர்சர் தலைவராயிருந்தார். ஒருநாள் ஆட்டமாக எண்ணியது தொடர்ந்து வளர்ந்தது. 2015 மார்ச்சு மாதம் 12 ஆம் நாள் முதல் அதனை உலகோர் காணுமாறு ஒளிபரப்பலாயினர். 'வாக்ஸ் மாக்கினா' என்னும் குழுவைப் பற்றிய முதற்கதை 115 நிகழ்ச்சிகளாக 2017 அக்டோபரில் முற்றியது. 'மைட்டி நைன்' குழுவைப் பற்றிய இரண்டாங் கதை 2018 முதல் 2021 வரை 141 நிகழ்ச்சிகளாகவும், 'பெல்ஸ் ஹெல்ஸ்' குழுவைப் பற்றிய மூன்றாங் கதை 2021 அக்டோபர் முதல் 2025 பிப்ரவரி வரை 121 நிகழ்ச்சிகளாகவும் நடந்தன. மூன்றுக்கும் களம் எக்ஸாண்ட்ரியா என்னும் கற்பனை உலகமேயாம். ஆகமொத்தம் 377 நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஓடும். சராசரி மூன்றரை மணியெனக் கொள்ளினும் 1,300 மணிக்கு மேலாகின்றது. மாணவனொருவன் இத்துணைப் பொழுதை ஒரு கதைக்கு ஈவானாயின், அக்கதை அவனுக்கு என்ன ஈந்தது என்று கேட்டல் முறையேயன்றோ?

நீட்சியின் பயன்

நீண்டதெல்லாம் குறையுடைத்து என்று கொள்ளற்க. நீட்சியாலன்றிப் பெறலாகாத நயங்களும் உள. முதற்கதையில் ஸ்கான்லன் என்னும் பாணன் எப்பொழுதும் நகையும் பாட்டுமாகத் திரிபவன். 85 ஆம் நிகழ்ச்சியில் அவன் சாவின் வாயினின்று மீண்டெழுந்து, தன் தோழரைச் சினந்து நோக்கி, தன் தாயின் பெயர் அவருள் யாருக்கேனும் தெரியுமா என்று வினவுகின்றான். ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் குழுவை விட்டு நீங்குகின்றான். எண்பது நிகழ்ச்சிகளுக்கு மேலாக அவன் நகைப்புக்கு நகைத்த நாமும் அப்பெயரைக் கேட்டறிய விரும்பாதவரே என்பது அப்பொழுது நமக்குப் புலனாகின்றது. இரண்டு மணி நேர நாடகத்தில் இவ்வெட்கத்தை நம் உள்ளத்தில் உண்டாக்குதல் எளிதன்று.

அக்கதையின் இறுதிப் போரும் இத்தகையதே. தன் தோழன் வேக்ஸைச் சாவின் தேவியினிடமிருந்து மீட்பதற்கென்று ஸ்கான்லன் தன் பேராற்றல் முழுவதையும் சேமித்து வைத்திருந்தான். பகைவன் வெக்னா தப்பியோட முயன்ற கணத்தில், அவ்வாற்றலைச் செலவிட்டு அவனைத் தடுக்க நேர்ந்தது. உலகம் பிழைத்தது, தோழனை மீட்க வழியில்லாமற் போயிற்று. அதனைச் செய்த சாம் ரீகல் அவ்விடத்தே கண்கலங்கினார். ஒரு செயலுக்கு இன்ன விலை என்பது ஐயமின்றி விளங்கியமையால் அக்காட்சி நம் நெஞ்சில் நிலைத்தது. இவ்விலை என்னும் சொல்லை நினைவிற் கொள்க. மேல்வருவனவற்றிற்கு அதுவே உரைகல்லாகும்.

மாலிமாக்கின் மறைவு

எம் நண்பரை அழச்செய்த கூத்தாடி மாலிமாக் என்பான். பழைய வாழ்வின் நினைவு ஒன்றுமின்றிப் புதைகுழியினின்று எழுந்து, ஊரூராய்ச் செல்லும் கூத்துக் குழுவிற் சேர்ந்து பிழைத்தவன். 2018 சூலையில் ஒளிபரப்பாகிய 26 ஆம் நிகழ்ச்சியில், அடிமை வணிகர் கவர்ந்து சென்ற தோழர் மூவரை மீட்கப் போந்து, லொரென்சோ என்பவன் கையால் மாண்டான். இறந்தாரை எழுப்பும் வலிமை அன்று அக்குழுவில் ஒருவருக்கும் இல்லை. வழியோரத்தே அவனைப் புதைத்து, அவனுடைய வண்ண மேலங்கியைக் குழியின்மேல் நாட்டிவிட்டுச் சென்றனர். எவ்வூரையும் தான் கண்டதினும் நல்லதாக்கி விட்டுச் செல்லவேண்டும் என்னும் அவன் கொள்கையைப் பின்னர்த் தோழர்கள் தமதாகக் கொண்டனர்.

இங்கே உலகம் அழியவில்லை, அரசு கவிழவில்லை. எனினும் செயலுக்குக் காரணம் உண்டு. தோழரிடத்து அன்பு உண்டு. தவற்றுக்கு விலை உண்டு. விலை கொடுத்தபின் உயிரோடிருப்போர் மாறினர். கதைக்கு வேண்டுவன இவையே. மூன்றாங் கதை இவற்றுள் எவ்வெவற்றை இழந்தது என இனி நோக்குவோம்.

முதற் குறை: பொருளும் பாத்திரமும் ஒன்றாமை

மூன்றாங் கதையின் பொருள் மிகப் பெரியது. ரூயிடஸ் என்னும் செந்நிலவினுள்ளே தெய்வங்களை உண்ணும் பிரெடாத்தோஸ் என்னும் பூதம் சிறையுண்டு கிடக்கின்றது. லூடினஸ் என்னும் மந்திரவாதி அதனை விடுவித்துத் தெய்வங்களை ஒழிக்க முயல்கின்றான். தெய்வங்கள் இருத்தல் மாந்தருக்கு நன்றோ தீதோ என்பதே வினா.

இவ்வினாவைத் தாங்கவேண்டிய பாத்திரங்களோ, மரம் செதுக்கும் முதிய குறளன், வனதேவர் குலத்துப் பெண், பிறர் வஞ்சத்தால் தூக்கிலிடப்பட்டுப் பேயுருவாய் எழுந்த லாட்னா, ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த அஷ்டன் முதலியோர். தனித்தனியே நோக்கின் ஒவ்வொருவரும் சுவை மிக்கவரே. ஆயின் அவருட் பெரும்பாலோருக்குத் தெய்வத்தோடு பகையுமில்லை, பற்றுமில்லை. இமோஜெனின் தாய் லூடினஸின் படையில் இருக்கின்றாள். ஓரிம் என்பவனின் துணைவனை அப்படையைச் சார்ந்தோர் கொன்றனர். இவ்விருவருக்கே பூசல் நெஞ்சைச் சுட்டது. உலோக உடல் கொண்ட எஃப்.சி.ஜி. என்பவன் மட்டும் இடைவழியில் ஒரு தெய்வத்தை நாடத் தொடங்கினான். அவனும் 91 ஆம் நிகழ்ச்சியில் தோழருக்காகத் தன்னை அழித்துக்கொண்டான்.

முதற்கதையில் இவ்வாறில்லை. பிரையர்வுட் தம்பதியர் பெர்சியின் குடும்பத்தைக் கொன்றவர். ஆதலின் அவரை எதிர்த்தல் அவனுக்கு உயிரோடொட்டிய கடமையாயிற்று. பொருளைப் பெரிதாக்குவதால் மட்டும் கதை பெரிதாவதில்லை. பாத்திரத்தின் புண்ணும் கதையின் பொருளும் ஓரிடத்தே தொடவேண்டும். மலையைக் காட்டி அஞ்சுக என்றால் ஒருவரும் அஞ்சார். காலில் தைத்த முள்ளுக்கு வருந்தாதார் இலர்.

இரண்டாங் குறை: முடிவு காணாச் சொற்போர்

பற்றில்லாதவிடத்துத் துணிவும் பிறவாது. தெய்வங்களைக் காப்பதா கைவிடுவதா என்பதைப் பெல்ஸ் ஹெல்ஸ் குழுவினர் மீண்டும் மீண்டும் பேசினர். ஒரு நிகழ்ச்சியில் ஒருவாறு தெளிந்தது போலத் தோன்றும். சில நிகழ்ச்சிகள் கழிந்தபின் அதே பேச்சு முதலினின்று எழும். 'ஆள் கூடினால் பாம்பு சாகாது' என்னும் பழமொழிக்கு இதனினும் ஏற்ற எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இதற்குக் காரணம் அறிவின்மை அன்று, நட்பின் நாகரிகமே. மேசையைச் சுற்றியிருப்போர் பல்லாண்டு நண்பர். ஒருவர் தம் கருத்தை வற்புறுத்திப் பிறர் ஆட்டத்தைக் கெடுக்க விரும்பார். வீட்டில் ஆடும்போது இஃது உயர்ந்த பண்பு. நாடகத்திலோ, ஒருவன் தான் நம்பியதற்காகத் தோழனை எதிர்த்து நின்று, அதனால் ஒன்றை இழத்தல் வேண்டும். அனைவரும் அனைவருக்கும் இடங்கொடுத்து நிற்பின், கதை நடப்பதற்கு இடமில்லாமற் போகும். ஸ்கான்லன் பிரிந்து சென்றது போன்றதொரு பிளவு மூன்றாங் கதையின் நடுவே நேர்ந்திருப்பின், கேட்போரும் ஒரு பக்கம் சார்ந்து நெஞ்சு பதைத்திருப்பர் என்பது எம் கருத்து.

மூன்றாங் குறை: ஓயாத விரைவு

51 ஆம் நிகழ்ச்சியில் லூடினஸின் சூழ்ச்சி வெளிப்பட்டு உலகம் அதிர்கின்றது. குழு இரண்டாகச் சிதறித் தொலைநாடுகளில் வீழ்கின்றது. பின்னர்ப் பல நிகழ்ச்சிகள் பிரிந்த பகுதியினர் கதையாகவே செல்கின்றன. இச்சிதறல் கேட்டற்கு இனியதே. ஆயின் அது நேர்ந்த காலம் பொருந்தவில்லை. தோழர்கள் ஒருவரையொருவர் முற்ற அறியுமுன் பிரிந்தனர். கூடியபின்னர், "உலகம் அழிகின்றது, விரைக" என்னும் முழக்கம் அவரை இறுதிவரை துரத்தியது.

இரண்டாங் கதையில் இரு நாடுகளிடையே போர் நடந்துகொண்டிருக்கவும், மைட்டி நைன் குழுவினர் ஒரு வீடு பெற்று, அதன் மொட்டைமாடியில் மரம் வளர்த்து, அடுப்பங்கரையிற் பேசி மகிழ்ந்தனர். கதை அங்கே நின்றுவிட்டதென்று குறை கூறியோரும் உளர். யாமோ அவ்வடுப்பங்கரையே அக்கதையின் அடித்தளம் என்போம். தொல்காப்பியர் முதல், கரு, உரி என வகுத்தாராதலின், அவர் முறையாற் கூறின், நிலமும் பொழுதும் விரைந்து மாறும்போது உரிப்பொருள் வேர்கொள்ள இடமில்லை. இதற்கு மறுதலையான முரணும் ஒன்றுண்டு. உலகம் அழியும் நாள் குறித்தபின்னும் பாத்திரங்கள் கடைத்தெருவில் நகையாடிப் பொருள் வாங்கினால், அழிவில் நமக்கு நம்பிக்கை குன்றுகின்றது. விரைவைக் கூறியபின் விரைதல் வேண்டும். அல்லது விரைவைக் கூறாதிருத்தல் வேண்டும்.

நான்காங் குறை: மீளும் உயிர்

இவ்வாட்டத்தின் விதிப்படி, குழு வலிமை பெறப் பெற இறந்தாரை எழுப்புதல் எளிதாகின்றது. மாலிமாக் இறந்தபோது அவ்வலிமை இல்லாமையால் சாவு சாவாகவே நின்றது. மூன்றாங் கதையின் 33 ஆம் நிகழ்ச்சியில், ஓட்டோஹன் என்னும் வீராங்கனை ஓரிமையும் லாட்னாவையும் வீழ்த்துகின்றாள். ஓரிம் அங்கேயே உயிர் பெறுகின்றான்; லாட்னாவைச் சில நிகழ்ச்சிகளுக்குள், முதற்கதையைச் சார்ந்த பைக் என்னும் வல்லாள் எழுப்புகின்றாள். அவ்விடைக்காலத்து நண்பரின் துயரம் உண்மையாகவே நம்மைத் தொட்டது. ஆயினும், வேண்டுவோர் வாயிலிற் சென்று தட்டினால் உயிர் மீளும் என்று ஒருமுறை அறிந்தபின், அடுத்த சாவைக் கேட்பவன் கண்ணீரை ஒத்திவைக்கின்றான்.

இக்குறையை எஃப்.சி.ஜி.யின் முடிவு ஓரளவு நீக்கியது. அவன் தன்னுள்ளே இருந்த ஆற்றலை வெடிக்கச் செய்து ஓட்டோஹனையும் தன்னையும் அழித்துக்கொண்டான், மீளவில்லை. மூன்றாங் கதையுள் அந்நிகழ்ச்சியே பலர் நெஞ்சில் நிற்பதற்குக் காரணம் தேடவேண்டுவதில்லை.

ஐந்தாங் குறை: பழங்கதைச் சுமை

ஓருலகத்தே மூன்று கதை நிகழின், முன்னைக் கதைத் தலைவர் பின்னைக் கதையில் தோன்றுதல் இயல்பு. பழைய நண்பரைத் தெருவிற் காண்பது போன்ற இன்பம் அதில் உண்டு. ஆனால் மூன்றாங் கதையில் அவர்கள் தெருவிற் காண்போராய் நில்லாது வீட்டையே கைக்கொண்டனர். லாட்னாவைக் கொன்றவள் முதற்கதையின் பகைவி. ஓரிமுடைய தலைவி முதற்கதையின் கீலெத். லூடினஸ் இரண்டாங் கதையிலிருந்து வந்தவன். சிறைப்பட்ட வேக்ஸின் நிலையும் முதற்கதையின் எச்சம். ஓரிம் முதலிய மூவர் 2021 ஆம் ஆண்டின் எட்டு நிகழ்ச்சித் துணைக்கதையொன்றிலிருந்து வந்தவர். இறுதியில் மூன்று குழுவினரும் ஒருங்கே போர்மேற் சென்றனர்.

விளைவு யாதெனில், பெல்ஸ் ஹெல்ஸ் தம் கதையிலேயே விருந்தினராயினர். தம்மினும் வலியோர் பலர் அருகிருக்க, இப்பொறுப்பு எம்மிடம் ஏன் வந்தது என்னும் ஐயம் பாத்திரங்களுக்கும் எழுந்தது, கேட்போருக்கும் எழுந்தது. புதிதாய் வந்து கேட்பவனோ, முந்தைய 256 நிகழ்ச்சிகளை அறியாமையால், பிறர் வீட்டுத் திருமணத்தில் உறவுமுறை தெரியாது நிற்பவன் போலாகின்றான்.

தடையும் விடையும்

இங்கு ஒரு தடை நிகழும். "இஃது ஆட்டமேயன்றிக் காப்பியம் அன்று, நண்பர் தம் மகிழ்ச்சிக்கு ஆடுவதை நாடக இலக்கணங்கொண்டு அளத்தல் தகுமோ?" என்பதே அது. இத்தடையில் உண்மையுண்டு. எழுதியவன் பின்னோக்கி அழித்துத் திருத்துவான். ஆடுவோர்க்கு அவ்வுரிமை இல்லை. முதற்கதையின் பிரையர்வுட் பகுதி மேசையிற் பத்துக்கு மேற்பட்ட நீண்ட நிகழ்ச்சிகளாய் நடந்தது. 2022 இல் வெளிவந்த சித்திரத்தொடரின் முதற் பருவத்திற் பெரும்பகுதி அதனையே, அரைமணியளவான நிகழ்ச்சிகளாய்ச் சுருக்கிக் காட்டியது. அத்தொடருக்கென 2019 இல் 88,887 பேர் ஒரு கோடியே பதின்மூன்று இலட்சம் டாலருக்கு மேல் மனமுவந்து அளித்தனர். குறையுடைய கதைக்கு இத்துணை அன்பு கிடைத்தது எங்ஙனம் எனின், எதிர்பாராததைக் கூட இருந்து காணும் இன்பம் வேறெங்கும் கிடைக்காமையே என்க. ஆகவே நீட்சி, தடுமாற்றம், திரும்பக் கூறல் ஆகியவை ஓரளவு இவ்வகைக்கு உடன்பிறந்தன. அவற்றை மன்னித்தல் வேண்டும்.

ஆயினும் யாம் கூறிய ஐந்தும் தவிர்க்கலாகாதன அல்ல என்பதற்கு அந்நிகழ்ச்சியே சான்று தருகின்றது. 2022 இல் பிரென்னன் லீ மல்லிகன் தலைவராயிருந்து நடத்திய 'கலாமிட்டி' என்னும் கதை நான்கே நிகழ்ச்சிகளில் முற்றியது. நகரம் அழியும் என்பதைக் கேட்போர் முன்னரே அறிவர். நம் ஊரிற் பாரதக் கூத்துக் காண்போர் அபிமன்யு மடிவதை அறிந்தே வந்து அழுவது போல, அங்கும் முடிவு தெரிந்தமையால் ஒவ்வொரு சொல்லும் கனத்தது. 2024 இல் மூன்றாங் கதையின் நடுவே 99 முதல் 101 வரையுள்ள நிகழ்ச்சிகளில் அவரே தலைவராய், ஆடுவோரைத் தெய்வங்களாகவே ஆடச்செய்தார். அங்கே தெய்வங்கள் உடன்பிறந்தோராய், அன்பும் அச்சமும் உடையோராய்த் தோன்றின. தொண்ணூற்றெட்டு நிகழ்ச்சிகளிற் கருத்தாயிருந்த வினா, மூன்று நிகழ்ச்சிகளிற் குடும்பத் துயரமாயிற்று. அதன்பின்னரே, ஈற்றில் தெய்வங்கள் தம் நிலை துறந்து மானிட வாழ்வை ஏற்றதன் பொருள் எமக்கு ஒருவாறு விளங்கியது.

2025 அக்டோபரில் தொடங்கிய நான்காங் கதையைப் புதியதோர் உலகிற் படைத்தவரும் அவரே. மெர்சர் ஆடுவோருள் ஒருவராய் அமர்ந்தார். அவ்வுலகில் தெய்வங்கள் கதை தொடங்குமுன்னரே மாந்தரால் மாண்டுவிட்டன. பதின்மூவர் ஆடுகின்றனர், பழங்கதைச் சுமை இல்லை. தூக்கிலிடப்பட்ட ஒருவனைச் சூழ்ந்த துயரத்தோடு கதை தொடங்குகின்றது. பலரும் அவனோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடையோர். பொருளும் பாத்திரமும் முதல்நாளிலேயே ஒன்றையொன்று தொடுகின்றன.

முடிவுரை

எம் நண்பருக்கு இனி விடை கூறுவோம். கூத்தாடி நம் கண்முன் ஒன்றை விரும்பினான், அதற்காக நடந்தான், விலை கொடுத்தான், அவன் விட்டுச்சென்ற வெற்றிடம் மற்றவரை மாற்றியது. தெய்வங்களை விரும்புவார் ஒருவரையும் நாம் நெடுநாள் காணவில்லை. அவர்க்காக ஒருவரும் விலை கொடுக்கக் காணவில்லை. அளவு பெரிதாயிற்று, அன்பு அதனோடு வளரவில்லை. நெஞ்சு உறங்கியது நெஞ்சின் குற்றமன்று.

இவ்வாண்டு மலருக்குக் கதை வரையும் மாணவரும், கல்லூரி விழாவுக்கு நாடகம் இயற்றும் மாணவரும் இதனின்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. உலகத்தைக் காக்கும் வீரரைப் படைக்குமுன், அவ்வீரன் தாயின் பெயரை அறிந்துகொள்க. அவன் எதனை இழக்க அஞ்சுகின்றான் என்பதை அறிந்தபின் அதனை ஆபத்தில் வைக்க. அதன்பின் நிகழ்வது பகடையால் ஆயினும் எழுதுகோலால் ஆயினும், கேட்பவன் உறங்கமாட்டான்.